நூல்கண்டுக்குள்ள ஒரு முடிச்சு

கையால பின்றதுக்கு வாங்குற நூல்கண்டோட லேபிள்ல 100 கிராம், 200 மீட்டர்னு ஜம்முனு போட்டிருக்கும். உள்ள முடிச்சு இருக்குன்னு மட்டும் மூச்சு விடமாட்டாங்க. அது பின்னல் வரிசை ஓரத்துல வந்து தொலைக்குமா? நட்டநடுவுலதான் வரும்! லேஸ் சால்வைன்னா கொட்டைப்பாக்கு மாதிரி துருத்திட்டு நிக்கும்.

அப்படியே சேர்த்துப் பின்னிடலாமா? துவைக்கிறப்ப அவிழ்ந்துக்கும். ரெண்டு ஊசியில பின்ற நிட்டிங்னா அங்கிருந்து பின்னல் கண்ணி கண்ணியா அவிழ்ந்து கீழே ஓடும். ஆக, வரிசை ஆரம்பம் வரைக்கும் பிரி, முடிச்சை வெட்டு, 15 செ.மீ. நுனியை வாலா தொங்க விட்டு ஓரத்துல புது முனையைச் சேரு, கடைசியில ரெண்டு வாலையும் ஊசியில கோத்து முன்னும் பின்னுமா ஓட்டி மறை. எச்சில் தொட்டு உள்ளங்கையில தேய்ச்சா முனை ரெண்டும் ஒட்டிக்கும்பாங்க. கம்பளி ஒட்டும், அதுவும் சூப்பர்வாஷ் (மெஷின்ல துவைச்சாலும் திரண்டுக்காம இருக்கப் பதப்படுத்துறது) பண்ணாததுன்னா. பருத்தி, அக்ரிலிக்கை நாள்பூரா தேய்ச்சாலும் கைதான் தேயும்.

இதுல உச்சம், நிறம் மாறுற நூல். நீலம் மெல்லப் பச்சையாகி, பச்சை மஞ்சளாகணும். முடிச்சுக்கு அந்தப் பக்கம் பளீர்னு சிவப்பு! சில கண்டுல நிறவரிசையே தலைகீழாத் திரும்பி ஓடும். அந்த நிறத்துக்குத்தானே கூடுதல் காசு? மறுபடி பச்சை வர்ற வரைக்கும் உருவி ஒதுக்கின நூலெல்லாம் யார் கணக்கு?