மசாலாவில் நச்சு என்று செய்தி வந்தால் உதிரித் தூளுக்கு ஓடாதீர்கள்

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அடுத்தடுத்து அறிவித்தன: இந்தியாவிலிருந்து போன சில மசாலாத் தூளில் எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம். "பாக்கெட் மசாலாவே விஷம்" என்று வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. பயந்ததில் தப்பில்லை. ஆனால் பாக்கெட்டை விட்டுவிட்டு, கடையில் மூட்டையைப் பிரித்து நிறுத்துக் கொடுக்கும் உதிரித் தூளுக்கு மாறினார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாக்கெட்டில் கம்பெனி பேரும் பேட்ச் நம்பரும் இருந்ததால்தான் சோதித்து, இன்ன சரக்கைத் திரும்ப எடு என்று சொல்ல முடிந்தது. உதிரித் தூளைப் பற்றிச் செய்தி வராததற்குக் காரணம் சுத்தம் இல்லை. யாருடையது என்று பிடிக்கவே வழியில்லை.

எத்திலீன் ஆக்சைடு, மசாலாவில் சால்மோனெல்லா மாதிரிக் கிருமியைக் கொல்லச் செலுத்தும் வாயு. மசாலாவுக்கு ஐரோப்பிய யூனியன் வைத்த வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். நாள்பட உடம்பில் சேர்ந்தால் புற்றுநோய் அபாயம் உண்டு. நேற்று ஒருவேளை சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மிளகாய், மல்லி வாங்கி மில்லில் அரைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அருமையான வழக்கம். ஆனால் வீட்டுத் தூள் என்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. ஈரம் நின்ற மிளகாயில் பூஞ்சை பிடிக்கும். அது விடும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் முழுதாகப் போகாது. இங்கே சட்ட வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பூஞ்சையைப் பார்க்கலாம். வாங்கும்போதே பத்துப் பதினைந்து மிளகாயைப் பிளந்து பாருங்கள். வெளியே பளபளவென்று இருப்பதற்குள்ளே விதையைச் சுற்றிச் சாம்பல் பூத்திருக்கும். அப்படி ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே அந்த மூட்டை வேண்டாம்.

காயப்போட்ட மிளகாயை வெயில் தாழுமுன் அள்ளிவிடுங்கள், பனி இறங்கினால் பட்ட பாடு வீண். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். மில்லில், "அண்ணே, என் மிளகாயிலயே ஒரு கைப்பிடி முதல்ல ஓட்டிக் கொட்டிருங்க" என்று கேளுங்கள். முன்னால் அரைத்தவர் தூள் உள்ளே ஒட்டியிருக்கும். அரைத்ததைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடிக்கு அடியில் வியர்க்கும், தூள் கட்டிதட்டும், அங்கேதான் பூஞ்சை தொடங்கும். சுத்தமான வேட்டியில் பரப்பி, நன்றாக ஆறியபின் அடையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.

உதிரித் தூள்தான் கட்டுபடியாகிறது என்றால், ஒரு டம்ளர் தண்ணீர்மேல் ஒரு ஸ்பூன் மிளகாய்த் தூளைத் தூவுங்கள். கலக்காதீர்கள். சாயம் கலந்திருந்தால் சிவப்பு கோடு கோடாக இறங்கும். அடியில் தங்கியதைத் தேய்த்தால் நறநறவென்றால் செங்கல் பொடியோ மணலோ. எத்திலீன் ஆக்சைடும் அஃப்ளாடாக்சினும் இதில் தெரியாது.

இனி இப்படிச் செய்தி வந்தால் எந்தப் பொருள், எந்த பேட்ச், எவ்வளவு என்ற மூன்றையும் தேடுங்கள். உங்கள் பாக்கெட்டில் அதே பேட்ச் நம்பர் இருந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பாக்கெட்டின் வாயைக் கட்டி, பில்லோடு தனியே வையுங்கள். பேட்ச் நம்பரும் 14 இலக்க உரிம எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். பாக்கெட் கையில் இருந்தால்தான் புகாருக்கு ஆதாரம் இருக்கும்.