என் புல்வெளியில் ஓர் அட்டை

என் வீட்டு முன் நான் வைத்த தேர்தல் அட்டையை எடுக்கச் சொல்லி எங்கள் எச்.ஓ.ஏ. (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) அனுப்பிய கடிதத்தின் படத்தைச் சனிக்கிழமை போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். அதன் கீழே "எதுக்குங்க இந்த வம்பு, எடுத்துட்டுப் போங்க" என்று எழுதிய நண்பர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கடிதம் அனுப்பிய எச்.ஓ.ஏ. மேல்கூட எனக்கு இவ்வளவு வருத்தமில்லை.

ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்கும் ஒருவருக்காக ஒரு யார்டு சைன் வைத்தேன். இரண்டடி அகல அட்டை, கீழே கம்பிக் கால். மூன்று நாளில் எடுக்காவிட்டால் 50 டாலர் அபராதமாம். பக்கத்து வீட்டில் ரியல்டர் நட்ட 'விற்பனைக்கு' பலகை மூன்று மாதமாக நிற்கிறது. எதிர்வீட்டில் ஃபுட்பால் டீம் அட்டை. அவர்களுக்குக் கடிதம் போகவில்லை, கேட்டுவிட்டேன். வீட்டை விற்கிறேன் என்று சொல்லலாம், என் பிள்ளை படிக்கும் பள்ளியை யார் நடத்த வேண்டும் என்று சொல்லக் கூடாதா?

அளவுக்கு விதி போடுங்கள், கட்டுப்படுகிறேன். சாலையை மறைக்கக் கூடாது என்றால் தள்ளி வைக்கிறேன். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து விதி போடாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

இது புதுச் சண்டையும் இல்லை. 1990 டிசம்பரில், மிசௌரி மாநிலத்தின் லடூ என்ற ஊரில் மார்கரெட் கில்லியோ என்ற பெண்மணி வளைகுடாப் போர் வேண்டாம் என்று தன் வீட்டு முன் ஓர் அட்டை வைத்தார். அது காணாமல் போனது. இன்னொன்று வைத்தார், யாரோ தள்ளிவிட்டார்கள். போலீசிடம் போனால், இந்த ஊரில் அட்டை வைப்பதே தப்பு என்றார்கள். அங்கேயும் 'விற்பனைக்கு' பலகைக்கு மட்டும் விலக்கு இருந்தது! கடைசியில் மாடி ஜன்னலில் ஒரு சாதாரணத் தாளை ஒட்டினார், அதற்கும் தடை. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் நின்றது. காசில்லாதவருக்கும் கையில் இருக்கிற எளிய வழி இது, அதுவும் சொந்த வீட்டில், என்பதுதான் தீர்ப்பின் சாரம். அரிசோனாவின் கில்பர்ட் ஊர் விதியில், அரசியல் பலகைக்குத் தாராளம், ஒரு சின்ன தேவாலயத்தின் வழிகாட்டிப் பலகைக்குக் கெடுபிடி. 2015-இல் அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அது செல்லாது என்றார்கள்.

"அந்தத் தீர்ப்பெல்லாம் அரசாங்கத்துக்குத்தான், எச்.ஓ.ஏ. தனியார், அவங்க விதிக்குக் கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினீங்க" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் இருக்கும் டெக்சஸ் மாநிலம் தனியாகச் சட்டமே வைத்திருக்கிறது. தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து பத்தாவது நாள் வரும் வரை, ஒரு வேட்பாளருக்கு ஓர் அட்டை வைப்பதை எந்த எச்.ஓ.ஏ.வும் தடுக்க முடியாது. கடிதம் எழுதியவர்களுக்கு அது தெரியாதா?

வீட்டு விலை இறங்கும் என்றார் இன்னொருவர். ஓர் அட்டைக்கா? விடுங்கள்.

என்னைக் குத்தியது, "நாம பிழைக்க வந்தவங்க" என்ற ஒரு வரி.

1989 சட்டமன்றத் தேர்தல் பொங்கலை ஒட்டி வந்தது. துறையூர்ப் பக்கம் எங்கள் தாத்தா இரண்டு நாள் சுண்ணாம்பு அடித்து முடித்த சுவரில், விடிந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு ஒரு கட்சிச் சின்னம். நீலம் இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவங்ககிட்ட யாருப்பா கேக்கறது" என்று பாட்டி சொல்ல, தாத்தா பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சின்னத்துக்கே ஓட்டுப் போடுகிறவர்தான் அவர். ஆனாலும் அடுத்த பொங்கல் வரை அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

அங்கே எங்கள் சுவரில் அடுத்தவர் பேசினார்கள், நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். இங்கே என் புல்வெளி, என் வரி, குடியுரிமை வாங்கிப் போடுகிற என் ஓட்டு. இங்கேயும் மூடிக்கொள்ளச் சொல்கிறீர்கள், அதுவும் தமிழில். பதினாறு வருடமாக ஒரே ஊரில் இருக்கிறேன், இன்னும் எத்தனை வருடம் போனால் வந்தவன் இல்லாமல் ஆவேன்?

சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு நேற்றே பதில் அனுப்பிவிட்டேன். மே முதல் சனிக்கிழமை தேர்தல். அதுவரை அட்டை அங்கேயே நிற்கும். முடிந்த பிறகு, பத்தாவது நாளுக்கு முன் நானே பிடுங்கி கராஜில் வைப்பேன்.