கை வந்துவிட்டது, கால் எங்கே?

போன சித்திரையில் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தது. 18 நாளும் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன், கூத்துக் கொட்டாய் ஓரமாக ஒரு டிவியையும் லேப்டாப்பையும் வைத்தான். கேமரா முன்னால் நின்று வில் வளைப்பது போல் கையை இழுத்தால், டிவியில் அர்ச்சுனன் வேஷமும் அப்படியே வளைக்கும். பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள்.

"சாமி காரியத்துல என்ன விளையாட்டு?" என்று பெரியவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். நான் பையன் பக்கம்தான் பேசினேன், இன்றைக்கும் அப்படித்தான். வில்லை இழுத்துப் பார்த்த பிள்ளை, அர்ச்சுனன் தவம் செய்ய தபசு மரம் ஏறும்போது போனைப் பார்க்காது. அந்த ராத்திரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அதே பிள்ளைகள். என் கண்ணால் பார்த்தேன்.

இது பணக்கார வித்தையும் இல்லை. 2010ல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் வந்த காலத்தில், ஆள் நிற்கும் தூரத்தை அகச்சிவப்பு ஒளியால் அளக்க அந்தத் தனிக் கருவியை வாங்க வேண்டியிருந்தது. இப்போது கூகுளின் மீடியாபைப் என்ற மென்பொருள் இலவசம். சாதாரண கேமரா போதும், உடம்பில் 33 இடங்களையும் ஒரு கையில் 21 இடங்களையும் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆனால் மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். முகம் எழுதிக்கொண்டிருந்த கூத்து வாத்தியார், ஒரு கன்னத்தில் மட்டும் அரிதாரத்தோடு வெளியே வந்து நின்று பார்த்தார். டிவியில் பச்சை விளக்கு எரிந்தது, கேமரா முன்னால் நின்ற பையனின் கை செய்தது சரி என்று. வாத்தியார் அவன் தோளைத் தொட்டு, "கை வந்துருச்சு கண்ணு. கால் எங்க போச்சு?" என்றார். முட்டியை மடக்கி ஒரே ஒரு அடி வைத்தார். காலில் சலங்கை கூட இல்லை. புழுதி எழும்பியது. அந்தப் பையன் தானாகவே முட்டியை மடக்கினான்.

சீனாவின் பீக்கிங் ஓபராவில் சட்டைக் கை நுனியில் தொங்கும் நீளமான வெள்ளைத் துணியைச் சுழற்றியே அழுகையும் கோபமும் காட்டுவார்கள். விரல் நிலைக்கும் அங்கே தனி இலக்கணம் உண்டு. கையைப் பார்க்கும் கருவி அந்தக் கலைக்குப் பொருந்தும். நம் கூத்து காலிலும் இடுப்பிலும் இருக்கிறது. கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று அத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு விடிய விடியச் சுழன்று ஆடுகிற ஆட்டம் இது. கையை மட்டும் அளந்துவிட்டு "நீயும் கூத்தாடிவிட்டாய்" என்று பிள்ளையிடம் சொன்னால் அது பொய்.

வேஷம் கட்டியபின் படம் பிடித்தும் பயனில்லை. புஜக்கட்டை தோளை மறைக்கும், விரிந்த பாவாடை முட்டியை மறைக்கும். முதுகைக் காட்டிச் சுழலும்போது ஒற்றைக் கேமராவுக்கு இடது கை எது, வலது கை எது என்று குழம்பிவிடும். வேஷம் இல்லாமல், ஒத்திகையில், வாத்தியார் சொல்லச் சொல்லத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், அந்த நாளுக்கும் அவருக்குக் கூலி வேண்டும். அடவு, அதாவது ஆட்ட அசைவு, அவருடைய சொத்து. சும்மா ஆடிக் காட்டச் சொல்லி லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியாது.

இந்த வருஷம் கேமராவை முட்டி உயரத்துக்கு இறக்கித் தள்ளி வைக்கிறோம். எந்த அடவு என்று வாத்தியார்தான் சொல்வார். அவர் சம்பளத்தைத் திருவிழா வரவு செலவு நோட்டில் மைக் செட்டுக்கு மேலே எழுதச் சொல்லியிருக்கிறேன்.