குணா குகைக்குள் இறங்க விடுவார்களா? விடமாட்டார்கள்

“மஞ்சும்மல் பாய்ஸ் படத்தை நிஜ குணா குகைக்குள்ளேதான் எடுத்தார்கள், கேட்டால் நம்மையும் இறங்க விடுவார்கள்” என்று கொடைக்கானல் வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2024-ல் வந்த அந்தப் படத்தின் வெளிப்புறக் காட்சிகளில் எங்கள் ஊர் இருக்கிறது, சரி. ஆனால் பள்ளத்துக்குள் நடப்பவை கேரளத்தின் பெரும்பாவூரில் போட்ட செட்டில் எடுத்தவை. அந்தப் பாறை, பாசி, இருட்டு எல்லாம் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி குழுவின் கைவேலை, அது அவ்வளவு அச்சு அசலாக இருந்ததால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள், அந்த உழைப்புக்கு உரிய பெயர் அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும். நிஜ குகையில் எடுத்தது 1991-ல் வந்த கமல்ஹாசனின் குணா படம்.

அப்புறம், அந்தப் படத்தின் கதைக்கு அடிப்படையான சம்பவம், அதாவது 2006-ல் கேரளத்திலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் இந்தக் குகைப் பள்ளத்தில் விழுந்ததும், இன்னொருவர் கயிற்றில் இறங்கி அவரைத் தூக்கி வந்ததும் உண்மைதான். அதைப் பார்த்துத் துணிந்து வேலியைத் தாண்டாதீர்கள். இடம் வனத்துறை கட்டுப்பாட்டில் இருக்கிறது, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். காசு கொடுத்தால் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள், வேரும் சருகும் மூடிய பிளவு காலடியில் தெரியவே தெரியாது.