பால்டிமோர்காரர் ஆட்டத்தில் தோற்றார், கிடங்கில் ஜெயித்தார்

1996 அக்டோபர் 9. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் பேஸ்பாலின் அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் முதல் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பால்டிமோர் ஓரியோல்ஸ் 4-3 என்று முன்னிலையில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் அறிமுகப் பருவம் ஆடிக்கொண்டிருந்த யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் அடித்த பந்து வலப்பக்கச் சுவரை நோக்கி உயர்ந்து போகிறது. ஓரியோல்ஸின் டோனி டராஸ்கோ சுவரோடு ஒட்டி நின்று கையுறையை உயர்த்தியபடி காத்திருக்கிறார். அவர் கைக்கு வருமுன், முதல் வரிசையிலிருந்து 12 வயதுப் பையன் ஒருவன் தன் கையுறையை நீட்டிப் பந்தை உள்ளே இழுத்துவிட்டான்.

நடுவர் ரிச் கார்சியா, பந்து சுவரைத் தாண்டிவிட்டதாகக் கொண்டு, ஹோம் ரன் என்று அறிவித்தார். டராஸ்கோ மேலே கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார். யார் கேட்டது? ஆட்டம் சமனாகி, 11ஆவது இன்னிங்ஸில் பெர்னி வில்லியம்ஸின் ஹோம் ரன்னில் யாங்கீஸ் ஜெயித்தது. பிறகு ஒளிப்பதிவைப் பார்த்த நடுவரே, தாம் சொன்னது சரியல்ல என்று ஒப்புக்கொண்டார். ஓரியோல்ஸின் முறையீடு எடுபடவில்லை. தொடரையும் யாங்கீஸ் 4-1 என்று கொண்டுபோனது. பையன் நியூயார்க்கில் கதாநாயகன் ஆனான். (2024 உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸின் கையுறையிலிருந்து பந்தைப் பிடுங்கப் பார்த்த இரண்டு யாங்கீஸ் ரசிகர்களை வெளியே அனுப்பினார்கள். காலம் மாறித்தான் இருக்கிறது.)

பிளே-ஆஃப் பகை என்று பேச்சு எடுத்தாலே இந்தக் கதை வந்துவிடும். ஆனால் அன்று தோற்ற அணியின் பங்குதாரர்களில் ஒருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் பெயர் ஸ்டீவ் கெப்பி. தபால்காரராக இருந்து, பால்டிமோரில் காமிக்ஸ் கடை நடத்தி, 1982இல் காமிக்ஸ் இதழ்களைக் கடைகளுக்கு அனுப்பும் டயமண்ட் என்ற விநியோக நிறுவனத்தைத் தொடங்கியவர். வழக்கறிஞர் பீட்டர் ஆஞ்சலோஸ் தலைமையிலான குழு 1993இல் 173 மில்லியன் டாலருக்கு ஓரியோல்ஸை ஏலத்தில் எடுத்தபோது அதில் கெப்பிக்கும் சிறு பங்கு இருந்தது. அந்தப் பையன் பந்தை இழுப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், ஜூலை 1996இல், கெப்பி தன் கடைசிப் பெரிய போட்டியாளரான கேபிடல் சிட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தார்.

அதாவது, ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஆடுகளத்தில் எதிரியிடம் தோற்றார். வியாபாரத்தில் எதிரியே இல்லாமல் செய்தார். இதில் எது நல்ல முடிவு என்று கேட்டால், என் பதில் முதலாவது.

காரணம் சொல்ல 1992க்குப் போக வேண்டும். காமிக்ஸ் பதிப்பு நிறுவனமான மார்வெலை 1989இல் 82.5 மில்லியன் டாலருக்கு வாங்கியிருந்த ரொனால்ட் பெரல்மனுக்குக் கதை வாசிப்பவரைவிட, வாங்கிப் பூட்டிவைப்பவர் மீதுதான் கண். 1991இல் வந்த எக்ஸ்-ஃபோர்ஸ் என்ற காமிக்ஸின் முதல் இதழைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, உள்ளே ஒரு சேகரிப்பு அட்டை வைத்து விற்றார்கள். அட்டைகள் ஐந்து வகை. ஐந்தும் வேண்டுமென்றால் ஒரே கதையை ஐந்து முறை வாங்க வேண்டும்! உறையைப் பிரித்தால் மதிப்புக் குறையும் என்ற நம்பிக்கை வேறு. பிரிக்கவே கூடாத புத்தகத்தை எழுதியவனுக்கும் வரைந்தவனுக்கும் என்ன மரியாதை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இந்த மயக்கத்தில்தான் மார்வெல் 1992இல் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளை விற்ற ஃப்ளீர் என்ற நிறுவனத்தை வாங்கியது. மார்வெலுக்கே பெரல்மன் கொடுத்த விலையைப் போல் பல மடங்கு. காமிக்ஸ் கம்பெனியின் தலையெழுத்து அன்றிலிருந்து பேஸ்பாலோடு முடிச்சுப் போடப்பட்டது.

பேஸ்பால் என்ன செய்தது? 1994 ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பிடிவாதம் பிடித்தார்கள். செப்டம்பர் 14 அன்று உலகத் தொடரையே ரத்து செய்தார்கள். 1904க்குப் பிறகு உலகத் தொடர் இல்லாத முதல் ஆண்டு. இரண்டு உலகப் போர்களால் நிற்காதது முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தால் நின்றது. 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிகளுக்கும் மேலே நின்ற மான்ட்ரியால் எக்ஸ்போஸுக்கு அக்டோபர் பிளே-ஆஃபே வரவில்லை. அந்த அணி பிறகு தேறவில்லை; 2005இல் வாஷிங்டனுக்குப் பெயர்ந்தது. அக்டோபர் இல்லாத ஆண்டின் ஆட்டக்காரர் படத்தை எந்தச் சிறுவன் காசு கொடுத்து வாங்குவான்? ஃப்ளீரின் விற்பனை சரிந்தது. கடன் வாங்கி வாங்கிய கம்பெனி. வட்டி மட்டும் வேலைநிறுத்தம் செய்யவில்லை.

ஆஞ்சலோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995 தொடக்கத்தில் மாற்று ஆட்டக்காரர்களை வைத்துப் பருவத்தைத் தொடங்கலாம் என்று முதலாளிகள் கிளம்பியபோது, மாட்டேன் என்றவர் அவர். தொழிற்சங்க வழக்குகளில் வளர்ந்தவர் அல்லவா. தவிர, மாற்று அணி இறங்கினால், ஓர் ஆட்டமும் விடாமல் ஆடிவந்த ஓரியோல்ஸ் வீரர் கால் ரிப்கனின் தொடர்ச்சியான ஆட்டக் கணக்கு அறுந்துபோகும். கடைசியில் நீதிபதி சோனியா சோட்டோமேயரின் தடை உத்தரவு அந்த வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தது. செப்டம்பர் 6 அன்று ரிப்கன் தன் 2,131ஆவது தொடர் ஆட்டத்தை ஆடி லூ கெரிக்கின் சாதனையைத் தாண்டினார்.

மார்வெலிலோ அப்படித் தடுத்துச் சொல்ல ஆளில்லை. அட்டையில் விட்டதை வேறெங்காவது பிடிக்க வேண்டும் என்று, 1994 இறுதியில் ஹீரோஸ் வேர்ல்ட் என்ற நியூஜெர்சி விநியோக நிறுவனத்தை வாங்கி, 1995 ஜூலையிலிருந்து எங்கள் இதழ்கள் இங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஒரு வட்டாரத்துக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம், நாடு முழுவதும் அனுப்பத் திணறியது. பார்சல் தாமதம், எண்ணிக்கை குறைவு, பில்லில் தவறு.

இதில் கடைக்காரரின் நிலைமையைப் பாருங்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளில் விற்காத பிரதியைத் திருப்பித் தரமுடியாது. எது ஓடும் என்று இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே ஊகித்து ஆர்டர் போட்டுவிட வேண்டும். தவறினால் நஷ்டம் அவர் தலையில். ஆர்டர் பெரிதானால் தள்ளுபடி அதிகம். மார்வெலை ஓரிடத்தில், அதன் போட்டிப் பதிப்பாளரான டி.சி.யை இன்னோரிடத்தில் வாங்கினால் ஆர்டர் துண்டாகிறது, தள்ளுபடி குறைகிறது, சரக்குக் கட்டணம் இரட்டிப்பாகிறது. மெல்லிய லாபத்தில் ஓடிய கடைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன.

மார்வெலுக்குப் பதிலடியாக டி.சி., இமேஜ், டார்க் ஹார்ஸ் ஆகிய மூன்று பதிப்பாளர்களும் டயமண்டோடு தனி ஒப்பந்தம் போட்டன. பெரிய பதிப்பாளர்கள் எல்லாம் போனதும் கேபிடல் சிட்டிக்கு விற்கச் சரக்கு இல்லை. கெப்பியிடம் விலை போனது. 1996 டிசம்பர் 27 அன்று மார்வெல் திவால் மனு போட்டது. 1997இல் ஹீரோஸ் வேர்ல்டை மூடிவிட்டு மார்வெலும் டயமண்ட் வாசலுக்கே வந்தது. எதிரிகளை ஒழிக்கப் போன மார்வெல், எதிரிக்கு ஏகபோகத்தைப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்து நின்றது. அரசின் நீதித்துறை விசாரித்துப் பார்த்து, 2000இல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் விசாரணையை முடித்துக்கொண்டது.

ஃப்ளீரும், பிறகு மார்வெல் வாங்கிய இன்னொரு அட்டை நிறுவனமான ஸ்கைபாக்ஸும் என்ன ஆயின? இரண்டையும் சேர்த்து 1999இல் 26 மில்லியன் டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். அதே ஆண்டு தொடக்கத்தில், மார்வெலிலிருந்து வெளியேறி இமேஜைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாட் மெக்ஃபார்லேன், மார்க் மெக்வயரின் 70ஆவது ஹோம் ரன் பந்தை ஏறத்தாழ 3 மில்லியன் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். மூன்றே ஆண்டுகளில் பாரி பாண்ட்ஸ் 73 அடித்து அந்தச் சாதனையைத் தாண்டினார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கல்லூரியில் பேஸ்பால் ஆடிய மனிதர், தன் சொந்தப் பணத்தில், தான் நேசித்த ஆட்டத்துக்காகச் செய்த பைத்தியக்காரத்தனம். அதை நான் மன்னிப்பேன். பெரல்மனின் கணக்கை மன்னிக்க மாட்டேன்.

பேஸ்பால் முதலாளிகள் உத்தமர்கள் அல்ல. ஆனால் 1994 அவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: எதிர் அணி நாளைக்கும் களத்துக்கு வர வேண்டும். 1996 நவம்பரில் அவர்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் பணக்கார அணிகளின் வருமானத்தில் ஒரு பகுதி மற்ற அணிகளுக்குப் போக வழி செய்யப்பட்டது. அளவுக்கு மீறிச் சம்பளம் கொடுக்கும் அணிகளுக்கு வரியும் வந்தது. முதல் ஆண்டில் வரி கட்டிய ஐந்து அணிகளில் யாங்கீஸும் உண்டு, ஓரியோல்ஸும் உண்டு. பந்தைப் பறிகொடுத்த ஓரியோல்ஸ் 1997இல் 98 ஆட்டங்களை வென்று, பருவம் முழுவதும் முதலிடத்தை விடாமல், யாங்கீஸைப் பின்னுக்குத் தள்ளியது. லீக் என்று ஒன்று இருப்பதால் அது முடிந்தது. கேபிடல் சிட்டிக்கு அடுத்த பருவம் கிடையாது.

கால் நூற்றாண்டு அப்படியே ஓடியது. 2020இல் கொரோனா வந்து டயமண்ட் சரக்கு அனுப்புவதை நிறுத்தியதும் டி.சி. வெளியேறியது. மறு ஆண்டு மார்வெல், பெங்குவின் ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய புத்தக நிறுவனத்தின் விநியோகத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் டயமண்டே திவால் மனு போட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கம்: சிறு பதிப்பாளர்கள் விற்றுத் தரச் சொல்லி ஒப்படைத்து வைத்திருந்த புத்தகங்களை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்று நீதிமன்றத்தில் வழக்கு. அச்சுக்குக் காசு கட்டியது பதிப்பாளர், புத்தகமும் அவருடையது.

இப்போது மூன்று நான்கு இடங்களில் ஆர்டர் போட வேண்டியிருக்கிறது, பழையபடி ஒரே இடம் இருந்தால் தேவலை என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அவர்கள் கஷ்டம் உண்மை. அதற்குத் தீர்வு இன்னொரு டயமண்ட் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விற்காத பிரதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதிப்பாளர்களைக் கேளுங்கள். ஒப்படைத்த சரக்கு ஒப்படைத்தவருக்கே சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் அழுத்தமாக எழுதி வாங்குங்கள்.