நம் பெயரில் யார் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்?

என் அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், ஐசியில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், இன்னொரு பெயர். ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதில் வள்ளியம்மை 'வலியமா' ஆகிவிட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, திருத்தச் சொல்லவும் தெரியவில்லை. நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பிறகு, தன் சேமிப்பை எடுக்கப் போன இடத்தில், நான்தான் இந்த ஆள் என்று சத்தியப்பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

போன மாதம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. முழுப் பெயர், ஐசியின் கடைசி நான்கு எண், நாங்கள் முன்பு இருந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முகவரி என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் சட்டவிரோதமான பொருள் இருக்கிறது, போலீசில் பேசுங்கள் என்றான். நான் வைத்துவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முகநூலும் கூகுளும் என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைப் பதிவிறக்கினேன். அமைப்புகளுக்குள் போய்க் கேட்டால் கொடுக்கிறார்கள், யாரும் செய்யலாம். அதில் ஒரு வரியை என்னால் மறக்க முடியவில்லை. விடியற்காலை 3 மணிக்கு, 'டயாலிசிஸ் எத்தனை வருஷம் தாங்கும்' என்று நான் தேடியிருக்கிறேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்த வாரம் அது. அந்தக் கேள்வியை என் தம்பியிடம்கூட நான் கேட்டதில்லை. தேதி, நேரத்தோடு அங்கே இருக்கிறது. முகநூல் கோப்பில் இன்னொரு பட்டியல்: நான் எட்டிப் பார்த்த இணையக் கடைகள் சில, அங்கே நான் வந்துபோனதை முகநூலுக்குத் தெரிவித்திருந்தன.

ஆனால் என்னை அதிகம் உறுத்தியது புலனம் (வாட்ஸ்அப்) தான். 'ஐசி' என்று போட்டுத் தேடினேன். ஐசியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் பதினொரு முறை அனுப்பியிருக்கிறேன். கைப்பேசிக் கடைக்கு, கடன் வாங்கித் தருவதாகச் சொன்னவருக்கு, உதவித்தொகைப் பாரம் நிரப்பித் தருகிறேன் என்ற ஒருவருக்கு. அதில் மூன்று பேர் யாரென்றே இப்போது நினைவில்லை. மகளின் எஸ்.பி.எம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவுத் தாளை அப்படியே முகநூலில் போட்டதும் நான்தான். அவள் ஐசி எண் அதில் தெளிவாகத் தெரிகிறது. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் எத்தனை பேர் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பார்கள்?

அந்த 12 இலக்கம் வெறும் எண் இல்லை. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், நம் பேராவுக்கு 08. கடைசி எண் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

இந்த ஐசியின் பிறப்புக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16 அன்று பேராவிலுள்ள சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை ஒடுக்க அவசரகாலம் வந்தது. அதையொட்டி அதே ஆண்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் படத்தோடும் கைரேகையோடும் பதியத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் அட்டை கையில் இல்லாமல் போனால் ஆபத்து. 'ஆபீஸ்ல கேட்டா குடுத்துட்டு வந்துடணும்மா' என்று அம்மா இன்றும் சொல்வது அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நாமும் அதே பழக்கத்தில், கேட்டவருக்கெல்லாம் படம் எடுத்து அனுப்புகிறோம்.

'நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது' என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நம் பெயரில் யாரோ சிம் வாங்கினால் வழக்கறிஞர் வைக்க நம்மிடம் பணம் கிடையாது. 2017இல் இந்த நாட்டின் கைப்பேசிச் சந்தாதாரர் பதிவுகள் 4 கோடியே 62 லட்சம் வெளியே கசிந்தன. மக்கள்தொகையைவிட அதிகம். அதில் நாமும் இருந்திருப்போம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது, 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம், 21 நாளில் பதில் தர வேண்டும். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்றும் சொல்லலாம். மத்திய, மாநில அரசுகளுக்கு அந்தச் சட்டம் செல்லாது. அது எனக்குச் சம்மதமில்லை. நம் எழுத்துப்பிழைகளில் பாதி அரசாங்கத் தாளில்தானே இருக்கின்றன?

இப்போது ஐசி நகல் கொடுத்தால், எண்ணும் முகமும் தெரியும்படி விட்டு, குறுக்கே இரண்டு கோடு போட்டு, எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதித்தான் கொடுக்கிறேன். முகஞ்சுளிக்கிறார்கள், பரவாயில்லை. மோசடிக்காரனுக்குப் பணம் போய்விட்டால் உடனே 997க்கு, அதாவது தேசிய மோசடித் தடுப்பு மையத்துக்கு, அழையுங்கள், வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

எனக்குத் தினமும் விளம்பரம் அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அப்படியே அம்மாவின் பெயரையும் திருத்த விண்ணப்பம் தயார் செய்கிறேன். அம்மா வேண்டாம் என்கிறார், இந்த வயதில் எதற்கு என்று. எனக்கு வேண்டும்.