நெல்லை விடச் சொல்கிறவர்களுக்கு

முந்தாநாளில் இருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தப் பேச்சை நானும் கேட்டுவிட்டேன். போதும், இனி அனுப்பாதீர்கள். காவிரி டெல்டா விவசாயிக்குக் காலநிலை மாற்றம் பற்றி விழிப்புணர்வு இல்லையாம், சிறுதானியத்துக்கு மாறாமல் இன்னும் நெல்லையே கட்டிக்கொண்டு அழுகிறாராம். கைதட்டல் வேறு.

குறுவைப் பாசனத்துக்கு மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12; 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அன்று திறக்கவே இல்லை. அத்தனை வருஷமும் எங்கள் சனம் வரப்பில் கைகட்டி உட்கார்ந்திருந்தது என்று நினைப்பா? நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லை என்றதும் புழுதியில் நேரடியாக விதையைத் தெளித்தார்கள். 155 நாள் எடுக்கும் பொன்மணி நெல்லை விட்டு வயது குறைந்த ரகங்களுக்குப் போனார்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயல் வைத்திருப்பவர்கள், இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும் சி.ஆர். 1009 சப் 1 விதையைத் தேடி அலைந்தார்கள். சிலதை வேளாண் துறை சொன்னது, சிலதைப் பக்கத்து வயல்காரர் சொன்னார். எப்படியோ, விவசாயி மாறிவிட்டார். கொள்முதல் மாறவில்லை, காப்பீடு மாறவில்லை, வடிகால் மாறவில்லை. இதைப் பேசுங்கள் முதலில்.

2025 அக்டோபரில் குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? எங்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகக் கிடந்தது. சாக்கு இல்லை, லாரி வரவில்லை, முறை வரவில்லை. தார்ப்பாயை விலக்கினால் அடியில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. அப்பா மேலாக ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "முந்தாநேத்து இது பதினேழுதாம்ப்பா இருந்துச்சு" என்றார். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழைக்காலம் இடம் மாறிவிட்டது, அந்தப் பதினேழு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் தளர்த்துங்கள் என்று டெல்லிக்குக் கடிதம் போகும், மத்தியக் குழு வரும், நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும். ஈர நெல்லை வாங்கினால் அரிசி கெட்டுப்போகாதா என்பீர்கள். போகும்தான். அதற்குத்தானே உலர்த்தும் இயந்திரம் கேட்கிறோம்?

காப்பீடு இருக்கிறதே, சம்பாவுக்குப் பிரீமியம் ஒன்றரை சதவீதம்தானே என்று ஒருவர். கட்டுகிறோம் சார். ஆனால் மகசூல் இழப்பை வயல் வயலாகவா கணக்கிடுகிறார்கள்? வருவாய் கிராமத்தில் நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து சராசரி போடுகிறார்கள். மேட்டுத் தெருக்காரர் வயல் நன்றாக விளைந்தால் பள்ளத்தில் அழுகிய என் வயலும் விளைந்ததாகவே கணக்கு.

அப்புறம் சிறுதானியம். நானும் தின்கிறேன், நல்லதுதான். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் களிமண்ணில் கம்பும் கேழ்வரகும் எப்படி வரும் என்று யாராவது ஒரு தடவை வந்து நட்டுக் காட்டட்டும். தண்ணீர் வடிய வேண்டிய வடிகாலிலோ ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன.

மீத்தேன்? சரி, பூமியைச் சூடாக்கும் அந்த வாயு நெல் வயலில் இருந்து வருவது உண்மை. காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் குறையும், அதுவும் தெரியும். ஆனால் எங்களுக்கு வருவது வாய்க்கால் தண்ணீர். முறை வைத்து விடுகிறார்கள், ஷட்டர் எங்கள் கையில் இல்லை. இன்று வேண்டாம் என்று விட்டால் அடுத்து எப்போது வரும் என்று யார் சொல்வது? ஊரெல்லாம் ஏ.சி. ஓடட்டும், கணக்குக் கேட்க அகப்பட்டது என் அப்பாவின் ஒன்றரை ஏக்கர்தான்.

அந்த ஒன்றரை ஏக்கரும் குத்தகை. வாய்ப்பேச்சுக் குத்தகை, காகிதம் கிடையாது. பயிர் 33 சதவீதத்துக்கு மேல் போனால் நிவாரணம் உண்டு என்பது விதி. எங்களுக்கு அதைவிட அதிகமாகவே போனது. பணமும் வந்தது, பட்டா யார் பேரிலோ அவர் கணக்குக்கு. கேட்கப் போன அப்பாவை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் உளுந்து தெளிக்கப் போய்விட்டார். இவருக்குத்தான் விழிப்புணர்வு ஊட்டப் போகிறீர்கள்.

மானியத்துக்குக் கையேந்தும் கூட்டம் என்று என் பழைய பதிவில் எழுதியவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை, பிளாக் செய்துவிட்டேன். "பேசாமல் நிலத்தை விற்றுவிட்டு அப்பாவைச் சென்னைக்குக் கூட்டி வந்துவிடேன்டா" என்று அக்கறையாகக் கேட்ட கல்லூரி நண்பனுக்கு மட்டும்: எதைடா விற்பது? குத்தகை என்று எத்தனை பதிவில் எழுதியிருக்கிறேன், ஒன்றையாவது முழுசாகப் படித்தாயா?